விட ஏதுமில்லாதவர்

எல்லைக் கற்கள் துறையின் வேலை, ஊருக்கு ஊர் நட்டு வைத்திருக்கும் எல்லைக் கற்கள் நட்ட இடத்திலேயே நிற்கின்றனவா என்று பார்ப்பது. கற்கள் நின்றன. கல்லுக்குக் கால் முளைப்பதில்லை என்பதால் துறைக்கு மேற்கொண்டு செய்ய அதிகம் இருக்கவில்லை. இருந்தாலும் அதற்கு ஒரு மாடிக் கட்டடம் இருந்தது, கிளை அலுவலகங்கள் இருந்தன, எப்போதும் பூட்டியே கிடக்கும் ஒரு கழிப்பறை இருந்தது, அதன் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவதற்கு ஓர் அலுவலரும் இருந்தார்.

இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் நடந்துகொண்டிருந்த துறையின் இயக்குநரை ஒரு முறை உயர் அலுவலர் மேம்பாட்டு முகாமுக்கு அனுப்பினார்கள். கடற்கரை விடுதியில் நடந்த முகாம். போகும்போது அவரிடம் தொப்பையும் மூச்சிரைப்பும் இருந்தன. திரும்பி வரும்போதும் அவை இருந்தன. கூடுதலாகக் கையில், முகாமில் கொடுத்த ஒரு மரக்கரண்டி இருந்தது. கரண்டியை மேசைமேல் பேனா நிறுத்தும் இடத்தில் நிறுத்திவிட்டு, "நான் மாறிட்டேன்," என்றார். மேலே இருப்பவர் மாறினால் கீழே இருப்பவர்கள் அத்தனை பேரும் மாறித் தொலைக்க வேண்டும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது.

"ஊழியர் நலன், விலங்கு நலன், பூமி நலன் ஆகிய முந்நலன்களையும் கருத்தில் கொண்டு, துறையின் அனைத்து நிலை ஊழியர்களும் தத்தம் இல்லச் சமையல் வாயிலாக, விலங்கிலிருந்து கிடைக்கும் உணவுகளைப் படிப்படியாகக் கைவிட்டு, வீகன் எனப்படும் முழுத்தாவர உணவுமுறைக்கு மாறும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் என்ற வரிசையில், ஒரு படியை உடம்பு ஏற்றுக்கொண்ட பின்னரே அடுத்த படி. அவசரம் ஒழுங்கீனமாகக் கருதப்படும்." இப்படியே போய்க் கடைசியில் ஒரு வரி: "பணியிட மாறுதல் கோருவோரில், திட்டத்தை நிறைவுசெய்து சான்றிதழ் பெற்றவர்களுக்கே முன்னுரிமை."

மற்றவர்கள் முதல் வரியைப் படித்து முகம் சுளித்தார்கள். பதிவறைக்காரர் கடைசி வரியைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பதிவறைக்காரர் என்பவர் துறையின் பழைய கோப்புகளைக் காத்துவந்த எழுத்தர். அவர் மனைவியும் இதே துறையில்தான் தட்டச்சர், ஆனால் ரயிலில் ஓர் இரவு முழுக்கப் போனால் வருகிற கிளை அலுவலகத்தில். மகள் அம்மாவோடு இருந்தாள். அந்த ஊருக்கு மாறுதல் கேட்டு அவர் விண்ணப்பம் கொடுத்தபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அப்பா வந்ததும் ஓட்டக் கற்றுக்கொடுப்பார் என்று சொல்லி வைத்திருந்தார்கள். சைக்கிளின் டயரில் காற்று இறங்கிக்கொண்டே வந்தது. அப்பா வந்தபாடில்லை.

இங்கே அவர் வாடகை அறையில் தனியாக இருந்தார். ஒற்றை அடுப்பு, ஒரு பானை, ஒரு வாணலி. சோறு, பருப்பு, கீரை, ஏதாவது ஒரு காய். கறி மீன் அவர் பிறந்த வீட்டிலேயே பழக்கமில்லை. முட்டையின் வாடை ஆகாது. பால் குடித்தால் வயிறு கடமுடா என்று சண்டைக்கு வரும். தேன் வாங்கும் அளவுக்கு அவர் வாழ்க்கையில் இனிப்பு தேவைப்படவில்லை. இதற்கெல்லாம் ஒரு கொள்கை உண்டு, அதற்கு வெளிநாட்டுப் பெயர் உண்டு, அதைச் சொல்லிக்கொண்டு திரிய ஒரு கூட்டமே உண்டு என்பது அவருக்குத் தெரியாது. அலுவலகத்தில் அவரைக் கீரைக்காரர் என்று கேலி செய்தார்கள். அதையும் அவர் பொருட்படுத்தியதில்லை.

சுற்றறிக்கையைப் படித்ததும் அவருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது என்று சொல்ல வேண்டும். அவர் வயிற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பதால் சந்தோஷமாக இருந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வோம். நேராகத் தலைமை எழுத்தர் அம்மாவிடம் போனார். திட்டக் குழுவின் செயலாளர் அந்த அம்மாதான்.

"மேடம், நான் முடிச்சுட்டேன்."

"எதை?"

"திட்டத்தை. கறி, மீன், முட்டை, பால், தேன் எதையும் நான் தொடறதில்ல. நானே சமைச்சு நானே சாப்பிடறேன். சான்றிதழ் கொடுத்தீங்கன்னா மாறுதலுக்குச் சேத்துக் கொடுத்துடுவேன்."

தலைமை எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தார்.

"கறியை எப்ப விட்டீங்க?"

"விடல மேடம். சாப்பிட்டிருந்தாத்தானே விடறதுக்கு."

"அப்ப இன்னும் விடல."

"சாப்பிடறதே இல்லையே."

"அது உங்க சொந்த விஷயம். திட்டம் சாப்பிடாதவங்களுக்கு இல்ல, விடறவங்களுக்கு. இங்க பாருங்க, கைவிட்ட பொருள்னு ஒரு கட்டம் போட்டிருக்கு. அதுல நான் என்னன்னு எழுதறது?"

"ஒண்ணும் இல்லைன்னு எழுதுங்க மேடம்."

"ஒண்ணும் இல்லாததை விட்டேன்னு சான்றிதழ் கொடுத்தா, நாளைக்கு அந்தச் சுவர்க் கடிகாரமும் வந்து கேக்கும். அதுவும் கறி சாப்பிடறதில்ல."

பதிவறைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அது நின்றுபோய் வெகு நாளாகியிருந்தது. இதற்குமேல் பேச முடியாது என்று தெரிந்து இயக்குநரைப் பார்க்கப் போனார்.

இயக்குநர் மரக்கரண்டியைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து வந்து அவர் தோளில் கைவைத்தார்.

"நீங்க இலக்குல நிக்கறீங்க. எனக்குப் பெருமையா இருக்கு. ஆனா பயணம் எங்க? முகாம்ல எங்களுக்கு முதல் நாளே சொன்னாங்க, பயணம்தான் முக்கியம்னு. டிக்கெட் எடுக்காம வந்து ஊருக்குள்ள நிக்கற மாதிரி இருக்கு உங்க கேஸ்."

"நான் அந்த ஊர்லயே பொறந்தவன் சார்."

"அதுக்கு அத்தாட்சி இருக்கா?"

இல்லை. கறி சாப்பிடாமல் இருந்ததற்கு யாரும் அத்தாட்சி வாங்கி வைத்திருப்பதில்லை.

"கவலைப்படாதீங்க," என்றார் இயக்குநர். "வழி இருக்கு. முதல்ல சாப்பிட ஆரம்பிங்க. நல்லாப் பழகினதும் படிப்படியா விடுங்க. மாறுதலை நானே முன்ன நின்னு வாங்கித் தர்றேன். ஆனா ஆரம்பிக்கறதையும் தடாலடியா ஆரம்பிச்சுடாதீங்க. முட்டை, அப்புறம் மீன், கோழி, ஆடு. உடம்பு ஏத்துக்கணும் பாருங்க."

அன்று மாலை வழக்கம்போல் மனைவி போன் செய்தாள். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் கூப்பிடுவாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு அடுப்பின் முன்னால் நின்று பேசிக்கொண்டே சமைப்பார்கள். இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் தாளிக்கிற சத்தம் கேட்கும். அதைத்தான் அவர்கள் குடும்பம் நடத்துவதாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அவர் விஷயத்தைச் சொன்னதும் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"கறியை விடறதுக்குக் கறி சாப்பிடணுமா?"

"விதி அப்படி இருக்கு."

"அப்ப சிகரெட்டை விடுங்கன்னு அடுத்த சுற்றறிக்கை வந்தா?"

"அதை அப்பப் பாத்துக்கலாம். இது நான் அங்க வர்றதுக்காகத்தானே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி. வர்றதுக்காகத்தானே. மூக்கைப் பொத்திக்கிட்டுச் சாப்பிட்டு முடிங்க. சைக்கிளுக்குக் காத்தடிச்சு வைக்கறேன்," என்றாள்.

மறுநாள் அவர் முட்டை வாங்கினார். வேகவைப்பது எப்படி என்று, அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா கதவோரம் நின்று சொல்லிக்கொடுத்தார். முதல் வாய் தொண்டையில் நின்று, உள்ளே போவதா வெளியே வருவதா என்று யோசித்து, வெளியே வந்தது. மகள் முகத்தை நினைத்துக்கொண்டு இரண்டாவது வாயை விழுங்கினார். மூன்றாவது வாய்க்கு மிளகும் உப்பும் தூவிக்கொண்டார். அடுத்த வாரம் அதே முட்டையை வெங்காயத்தோடு வதக்கினார். மீனுக்கு வந்தபோது மூக்கைப் பொத்துவதை நிறுத்தியிருந்தார். கோழிக்கு வந்தபோது இஞ்சியைச் சற்றுத் தூக்கலாக வைத்தால் எப்படி இருக்கும் என்று தானாகவே ஒரு யோசனை வந்தது. ஆட்டுக்கறிக்கு வந்த அன்று, வாணலியைத் திறந்த வாசனையில் வீட்டுக்காரம்மா கிண்ணத்தோடு வந்து நின்றார்.

கீரைக்காரருக்குக் கைமணம் இருந்தது. அத்தனை வருஷம் அது பருப்பில் கிடந்து வீணாகியிருக்கிறது.

இதற்கிடையில் அலுவலகத்தில் திட்டம் வெற்றிநடை போட்டது. காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "நீங்க எந்தப் படி?" என்று கேட்பதே மரியாதையாகிவிட்டது. கணக்குப் பிரிவில் காபியில் பாதாம் பால் ஊற்றிக் குடித்தார்கள். குடித்துவிட்டு யாரும் பார்க்காதபோது முகத்தைக் கோணிக்கொண்டார்கள். சோயாவில் செய்த, பார்க்கக் கறி போலவே இருந்து கறியாக இல்லாத ஒரு பண்டம் எல்லோர் டப்பாவிலும் வந்தது. வேலை போலவே இருந்து வேலையாக இல்லாததைச் செய்தே பழகிய துறை என்பதால், அதை ஏற்றுக்கொள்வதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

வீடுகளில்தான் சங்கடம். இவர்கள் பேச்சுக்குச் சொன்னதை வீட்டில் இருந்தவர்கள் நிஜமாகவே பிடித்துக்கொண்டார்கள். இயக்குநர் வீட்டு அம்மா சமையலறையிலிருந்து பால் பாத்திரத்தையே வெளியேற்றிவிட்டு, அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வைத்து விளக்கம் கொடுக்கத் தொடங்கிவிட்டார். தலைமை எழுத்தர் வீட்டில் அவர் கணவர் தினமும் சுண்டலாக அவித்துத் தள்ளினார். அலுவலகம் முழுக்க ஒரு ஏக்கம் பரவிக்கொண்டிருந்தபோதுதான், பதிவறைக்காரர் படி ஒன்றுக்கான சாட்சியத்தைக் கொண்டுவந்தார்.

படி ஒன்றின்படி, ஊழியர் தாம் விடப்போகும் பொருளைத் தம் வீட்டில் தம் கையால் சமைத்து, குழு முன்பாக வைக்க வேண்டும். அவர் டப்பாவைத் திறந்தார். ஆட்டுக்கறி வறுவல். குழு அறையில் எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"இது கறிதானான்னு எப்படித் தெரியும்? சோயாவாக்கூட இருக்கலாம்," என்றார் தலைமை எழுத்தர்.

"பரிசீலிச்சுத்தான் பாக்கணும்," என்றார் இயக்குநர்.

பரிசீலித்தார்கள். எலும்புவரை பரிசீலித்தார்கள். டப்பாவின் ஓரத்தில் ஒட்டியிருந்த மசாலாவைத் தலைமை எழுத்தர் விரலால் பரிசீலித்தார். பிறகு "கூடுதல் சாட்சியம் தேவைப்படுகிறது" என்று முடிவானது. மறுநாள் கோழி கொண்டுபோனார். கோழியும் போதவில்லை. மீன் கொண்டுபோன அன்று, வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்ட கணக்குப் பிரிவும் பார்வையாளராகக் கலந்துகொண்டது. யாரும் இப்போது அவரைக் கீரைக்காரர் என்று கூப்பிடவில்லை. கறிக்காரர் என்றார்கள், அதில் உண்மையான மரியாதை இருந்தது. அவருக்கும் அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை இங்கே மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

தினமும் அத்தனை பேருக்குச் சாட்சியம் தயாரிக்க நேரம் வேண்டுமே. மாலையில் போன் அடிக்கும்போது அவர் கறி அலசிக்கொண்டிருப்பார், அல்லது மசாலா அரைத்துக்கொண்டிருப்பார்.

"கை ஈரமா இருக்கு, அப்புறம் கூப்பிடட்டுமா?" என்பார்.

அப்புறம் கூப்பிட மறந்துவிடுவார். அதனால் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூப்பிடத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் பேசினாள். "அப்பா, நான் சைக்கிள் ஓட்டறேன்."

"யாரும்மா கத்துக் கொடுத்தா?"

"அம்மா பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் விட்டுட்டாங்க. அவங்க விட்டதே எனக்குத் தெரியல, நான் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே போயிட்டேன்."

அவருக்கு அழுகைதான் வந்தது. அதற்குள் வாசலில் கணக்குப் பிரிவு வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாட்சியத்தை அவர் அறையிலேயே வந்து பார்வையிடுவது என்று சமீபத்தில் ஏற்பாடாகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்று சொல்லிவிட்டுப் பாய் விரித்தார்.

ஆனாலும் அந்த அழுகைக்கு ஒரு மரியாதை செய்தார். மறுநாள் டப்பாவில் சோறும் பருப்பும் கீரையும் எடுத்துக்கொண்டு போனார். குழு அறையில் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மூடியைத் திறந்ததும் தலைமை எழுத்தர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, கீரைக்கு அடியில் ஏதாவது இருக்கிறதா என்று கரண்டியால் தோண்டிப் பார்த்தார்.

"என்ன இது?"

"விட்டுட்டேன் மேடம். எல்லாத்தையும் நேத்தோட விட்டுட்டேன்."

இயக்குநரின் முகம் சிவந்தது. "ஒரே நாள்லயா? உடம்பு என்னத்துக்கு ஆகும்? படிப்படின்னு நான் தொண்டை கிழியக் கத்தறது எதுக்கு? உங்களைப் பாத்து மத்தவங்களும் இப்படித் திடுதிப்புன்னு விட்டா துறை என்ன ஆகும்?"

விதிக்கு மாறான அவசர மாற்றத்துக்காக விளக்கம் கேட்டு அவருக்குக் குறிப்பாணை வந்தது. அவர் விளக்கத்தைக் கோழியாகக் கொண்டுவந்து கொடுத்தார். நடவடிக்கை கைவிடப்பட்டது. அந்தக் கோழியைச் சமைக்கும்போது அவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது என்பதும், கீரை தின்ற அந்த ஒரு நாள் அவருக்கு ஏழு வேளைப் பட்டினி போலக் கழிந்தது என்பதும் குறிப்பாணையில் இல்லை. மேலிடமே சாப்பிடு என்று உத்தரவு போட்ட பிறகு தான் என்ன செய்ய முடியும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். தேற்றிக்கொள்வதில் அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

கடைசியில் அவருடைய மாறுதல் விண்ணப்பத்துக்கே பதில் வந்தது. "விண்ணப்பதாரர் தலைமை அலுவலகத்தின் அன்றாட இயக்கத்துக்கு இன்றியமையாதவர் எனக் குழு ஒருமனதாகக் கருதுவதால், பொதுநலன் கருதி மாறுதல் மறுக்கப்படுகிறது." கூடவே இன்னோர் உத்தரவும் இருந்தது. அவரைப் படி சரிபார்ப்பு அலுவலராக நியமித்திருந்தார்கள். தனி அறை, சுழலும் நாற்காலி, சன்னல் பக்கம் காஸ் அடுப்பு. எல்லாக் கிளைகளிலிருந்தும் வரும் விண்ணப்பங்களில் யார் எதை விட்டார்கள் என்று பார்த்து ஒப்பம் போடுவது அவர் பொறுப்பு.

அன்று பிற்பகல் முழுவதும் மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று தவித்தார். மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எண்ணெய் போட்ட நாற்காலி, சத்தமே வரவில்லை. போனில் சொன்னபோது மனைவி கத்தவில்லை, சிரிக்கவும் இல்லை. "அப்படியா," என்றாள். "வேணும்னா நான் அங்க மாறுதல் கேட்டுப் பாக்கறேன்," என்றாள். "கேளு," என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடிப்பது எப்போது நின்றது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. அன்றைக்கு என்ன சமைத்தார் என்று கேட்டால் சொல்லிவிடுவார்.

புதிய வேலையில் அவர் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார். விண்ணப்பங்களைப் புரட்டியதுமே எங்கே பூசி மெழுகியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எதையும் சாப்பிடாமலேயே விட்டதாகச் சொல்கிறவர்களை அவருக்குக் கண்டாலே ஆகாது. வடக்குக் கிளையின் ஓட்டுநர் ஒருவர் ரயிலேறி நேரில் வந்து, "ஐயா, பொறந்ததுலேருந்து சைவம், வீட்ல பாலும் கிடையாது, அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க, மாறுதல் வேணும்," என்று நின்றார்.

"விட என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் நம் அலுவலர்.

"ஒண்ணும் இல்லீங்களே ஐயா."

"அப்ப வெறுங்கையோட வந்து நின்னா எப்படி? போய் முட்டையில ஆரம்பிங்க."

ஓட்டுநர் போன பிறகு, இப்படி விவரம் இல்லாதவர்களை வைத்துக்கொண்டு ஒரு திட்டத்தை எப்படித்தான் நடத்துவது என்று அவருக்கு அலுப்பாக இருந்தது.

அந்த அலுப்போடு அடுத்த விண்ணப்பத்தை எடுத்தார். கிளை அலுவலகத் தட்டச்சர் ஒருவர் தலைமை அலுவலகத்துக்கு மாறுதல் கேட்டிருந்தார். காரணம்: கணவரோடு சேர்ந்து வாழ. உண்ணும் விலங்குப் பொருட்கள்: இல்லை. கைவிட்ட பொருள்: இல்லை. சிவப்பு மையில் "விட ஏதுமில்லை, நிராகரிக்கலாம்" என்று எழுதி ஒப்பமும் போட்டுவிட்டார். தாளைத் திருப்பும்போதுதான் கையெழுத்தைப் பார்த்தார். மனைவி கையெழுத்து. தபாலில் வந்து, மேசை மேசையாக ஏறி இறங்கி, துறைக்கே உரிய நிதானத்தில் அவரிடம் வந்து சேர்ந்திருந்தது.

வேறு யாராவது என்றால் ஒப்பத்தை அடித்திருப்பார்கள். அவர் நேர்மையானவர். வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்க்கக்கூடாது என்பதால் அடிக்கவில்லை. அன்பு இருந்ததால் போனை எடுத்தார்.

"உன் விண்ணப்பம் என்கிட்டதான் வந்திருக்கு."

"எந்த விண்ணப்பம்?" என்றாள் மனைவி. "ஓ, அதுவா. அது அப்பக் கொடுத்தது."

"இப்படி எல்லாத்துக்கும் இல்லை இல்லைன்னு எழுதி அனுப்பினா நான் என்ன செய்யறது? விதின்னு ஒண்ணு இருக்குல்ல. ஒண்ணு பண்ணு. நாளைலேருந்து முட்டையில ஆரம்பி. மிளகு கொஞ்சம் தூவிக்கோ, வாடை தெரியாது. பழகினதும் படிப்படியா விட்டுடலாம். நான் கூட இருந்து பாத்துக்கறேன்."

மறுமுனையில் அவள் எதையோ அடுப்பிலிருந்து இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"அதுல இல்லைன்னு எழுதினது என் தப்புதான்," என்றாள். "எனக்கும் விட ஒண்ணு இருந்துச்சு."

"அப்படியா? இருந்துச்சா? என்ன அது, பாலா?"

"நீங்க."

அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"முதல்ல தினமும் பேசறதை விட்டேன். நீங்க கை ஈரமா இருக்குன்னீங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமையை விட்டேன். அப்புறம் உங்களுக்கும் சேத்து அரிசி போடற மாதிரி கை தானா போகும், அதை விட்டேன். அது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. வாசல்ல ஆட்டோ நின்னா எட்டிப் பாக்கறதை விட்டேன். அவசரப்படல. உடம்பு ஏத்துக்கணும்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்ப நல்லா ஏத்துக்கிச்சு."

வெளியே எங்கோ சைக்கிள் மணி அடித்தது. "அவ வந்துட்டா, வைக்கறேன்," என்று வைத்துவிட்டாள்.

அவர் நாற்காலியில் அப்படியே இருந்தார். நாற்காலி தானாக அரைச் சுற்றுச் சுற்றி அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தியது. இதற்கு யாரிடம் போய் முறையிடுவது என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க, முறையிட வேண்டிய அலுவலர் தான்தான் என்று தெரிந்தது.

விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். அவள் போனில் சொன்னதை விதியோடு ஒப்பிட்டார்: வீட்டிலிருந்தபடியே, அடுப்படியிலிருந்தே, ஒவ்வொரு படியையும் உடம்பு ஏற்றுக்கொண்ட பிறகு அடுத்த படி. எங்கும் தாவவில்லை. எதிலும் குறை சொல்ல முடியாது. துறையில் இதுவரை வந்த விண்ணப்பங்களில் இவ்வளவு சுத்தமாக ஒன்றை அவர் பார்த்ததில்லை. சிவப்பு மையில் எழுதியதை அடித்துவிட்டு, கைவிட்ட பொருள் என்ற கட்டத்தில் "விலங்கினம்: ஒன்று" என்று நிரப்பி, "படிகள் முறைப்படி நிறைவு; சான்றிதழ் வழங்கலாம்" என்று எழுதி ஒப்பம் போட்டார். அது என்ன விலங்கு என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. அவர்கள் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆண்டு விழாவில் இயக்குநர் மரக்கரண்டியை உயர்த்திப் பிடித்து அறிவித்தார். தலைமை அலுவலகத்தில் அத்தனை பேரும் மறுபடியும் படி ஒன்றில் அவசரப்படாமல் முன்னேறிக்கொண்டிருக்கிறார்கள். துறை முழுவதிலும் திட்டத்தை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நிறைவேற்றியவர் கிளை அலுவலகத் தட்டச்சர் ஒருவரே. கேட்ட மாறுதலும் அவருக்கு உடனே வழங்கப்படுகிறது. ஆனால் மாறுதல் வேண்டாம் என்று அவர் முந்தைய நாளே எழுதி அனுப்பியிருந்தார். விழாவுக்கும் வரவில்லை. ஆகவே, நெருங்கிய உறவினர் என்ற முறையில், சான்றிதழைப் பெற்றுக்கொள்ள அவருடைய கணவரை மேடைக்கு அழைத்தார்கள்.

மதிய விருந்து அப்போதுதான் முடிந்திருந்தது. எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு தட்டினார்கள்.

"கொடுத்து வச்சவர் சார் நீங்க," என்று இயக்குநர் சான்றிதழைக் கொடுத்து அவர் கையைக் குலுக்கினார். "வீட்ல இவ்வளவு மன உறுதி இருக்கறவங்க கிடைக்கணுமே. அவங்ககிட்ட கேட்டு எங்களுக்கும் சொல்லுங்க, எப்படி விட்டாங்கன்னு."

"கேட்டுச் சொல்றேன் சார்," என்றார் அவர்.

"நாளைக்கு என்ன?"

"ஈரல் சார்."